ஒரே ஒரு ரிங்

ராத்திரி ஒரு மணி இருக்கும். பட்டினப்பாக்கத்தைத் தாண்டி, அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை நோக்கிப் போகிற சாலை. பகலிலேயே அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. ஒரு பக்கம், குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்ட ஹவுசிங் போர்டு கட்டடங்கள். ஜன்னலையும் கதவையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வரிசை வரிசையாக வெறும் ஓட்டைகள்... மறுபக்கம் ஆறு. தெருவிளக்கு கிடையாது. இரண்டு நாளாக விடாத மழை. சேற்று நாற்றம், கருவாட்டு நாற்றம், இரண்டுக்கும் மேலே கொஞ்சம் டீசல் வாடை.

அந்தச் சாலையில் ஒரு பைக் போகிறது. சைலன்ஸர் கழன்ற பைக். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டங்'... 'டங்'...

ஓட்டிக்கொண்டு போவது ஆண்ட்ரூ. நம்ம சிநேகிதி ஜூலியட் இருக்கிறாளே, அவளுடைய பெரியப்பா மகன். ஜூலியட் இன்றைக்கு இங்கே இல்லை. இருந்திருந்தால் இந்தப் பேச்சை எடுக்கவே விட்டிருக்க மாட்டாள். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள்... சாரல் அடிக்கிறது.

ஆண்ட்ரூவின் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மழை வந்தால் சுரங்கப்பாதையிலும் தாழ்வான தெருக்களிலும் தண்ணீர் நிற்கும் அல்லவா, அதை இறைத்து ஆற்றில் விட ஆங்காங்கே பம்ப் ரூம்கள் உண்டு. எந்த பம்ப் ஓடுகிறது, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் தி. நகரில் ஒரு கண்ட்ரோல் ரூம் திரையில் தெரியும். நடுவில் இருக்கும் இணைப்பு அறுந்தால் கண்ட்ரோல் ரூமுக்குக் கண் போன மாதிரி. அது அறாமல் பார்த்துக்கொள்ள ஒரு தனியார் கம்பெனி. அதில் ஆண்ட்ரூ டெக்னீஷியன்.

நம் வீட்டில் இருக்கும் ரவுட்டர் அந்த இடத்தில் ஒரு மாதம் தாங்காது. பம்ப் ரூமில் வைக்கும் ரவுட்டர்கள் இரும்புப் பெட்டிகள். உள்ளே காற்றாடி கிடையாது, இருந்தால் உப்புக்காற்றை இழுத்துக்கொள்ளும். மே மாதம் மூடிய அலமாரிக்குள் வெந்துகொண்டே ஓடும். கேபிள் அறுந்தால் சிம்முக்கு மாறும். அந்த சிம்மின் டவர் படுத்தால் வேறு கம்பெனி சிம்முக்கு மாறும். தானே உறைந்து நின்றுவிட்டால் தன்னைத் தானே தட்டி எழுப்பிக்கொள்ளும்.

இவ்வளவும் போதாது என்று அலமாரியில் இரண்டு பெட்டி வைப்பார்கள். ஒன்று மெயின், இன்னொன்று ஸ்டாண்ட்பை. மெயின் பெட்டி நொடிக்கு நொடி பக்கத்துப் பெட்டியிடம் 'இருக்கிறேன்... இருக்கிறேன்...' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்ட்பை வாயே திறக்காது. கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தக் குரல் நின்றதும், அடுத்த மூச்சிலேயே மெயினின் விலாசத்தைத் தன் விலாசமாக எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. தெரியாமல் மாறுவதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

ஆட்களுக்கும் இதே ஏற்பாடுதான். மழை ராத்திரிகளில் பம்ப் ரூமில் ஒருவர் மெயின் டியூட்டி, வீட்டில் ஒருவர் ஸ்டாண்ட்பை. மணிக்கு ஒரு தரம் மெயின் ஆள் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ரிங். எடுக்கக் கூடாது. 'இருக்கிறேன்' என்று அர்த்தம். புயல் மழையில் நெட் படுத்துவிடும், வாட்ஸ்அப் நகராது, ஆனால் ஒரு ரிங் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். ரிங் வரவில்லையென்றால் ஸ்டாண்ட்பை ஆள் கேள்வி கேட்காமல் கிளம்ப வேண்டும். போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

முன்பெல்லாம் அந்த முகத்துவாரத்து பம்ப் ரூமுக்கு மெயின் ஆள் ஆம்ப்ரோஸ். ஆண்ட்ரூ ஸ்டாண்ட்பை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரி... ரிங் வரவில்லை.

ஆண்ட்ரூ போய்ப் பார்த்தான். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் ஆம்ப்ரோஸ். மாரடைப்பு என்றார்கள். மழைக்காலத்தில் மார்பில் யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொள்வது அவர் பழக்கம். அந்த வாசனை மட்டும் அறை முழுக்க நின்றது.

ஆம்ப்ரோஸின் வேலைக்கு ஆண்ட்ரூ வந்தான். ஒன்றரை வருஷம் கழித்து ஆம்ப்ரோஸின் மனைவி லூயிசாவையும் கட்டிக்கொண்டான். சாந்தோம் சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து, முறையாக. தப்பு ஒன்றுமில்லை. அவளுக்கும் சம்மதம். ஆனால் கல்யாணப் பந்தியிலேயே கூட வேலை பார்க்கும் சக்திவேல் பிரியாணித் தட்டோடு வந்து காதில் சொன்னான்:

"மச்சி, பொட்டிக்கு ஸ்டாண்ட்பை கீது, டியூட்டிக்கு ஸ்டாண்ட்பை கீது... இதுக்குமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்ட்ரூவும் சிரித்தான். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் ஆம்ப்ரோஸ். ஆபீஸில், 'அவர் வெச்ச செட்டிங், கை வைக்காதே' என்பார்கள். எத்தனையோ ரூம்களில் இணைப்பு விழுந்து எழுந்திருக்கிறது, ஆம்ப்ரோஸ் அமைத்த மெயின் பெட்டி ஒரு தரம்கூட விழவில்லை. அந்தப் பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு... லூயிசாவின் பெயரும், அவளுக்கும் ஆம்ப்ரோஸுக்கும் கல்யாணமான தேதியும். பெரிய ஆபீஸில் அதை மாற்ற அனுமதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவை வேலைக்குப் போகும்போதும், தன் மனைவிக்கும் இன்னொருவருக்கும் கல்யாணமான தேதியைத் தன் விரலாலேயே தட்ட வேண்டும்.

வீட்டில் லூயிசா எதுவும் சொன்னதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நிதானமானவள். ஹாலில் ஆம்ப்ரோஸ் படம்கூட மாட்டவில்லை. சாப்பாட்டிலோ பேச்சிலோ ஒப்பிட்டதே இல்லை. சண்டை போட ஒரு காரணம்கூடத் தராமல் இருந்தாள். அதுதான் ஆண்ட்ரூவுக்குத் தாங்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. அன்றைக்கு டியூட்டி சக்திவேலுக்கு. ஆண்ட்ரூ வீட்டில் இருந்தான். வெளியே கொட்டுகிறது. லூயிசா போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறாள். திடீரென்று போன் ஒளிர்ந்தது. ஒரு ரிங்... கட். அவள் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு ஒன்று விட்டாள், திரும்பிப் படுத்தாள், தூங்கிப்போனாள்.

ஆண்ட்ரூ மெல்ல எடுத்துப் பார்த்தான். திரையில் 'அவர்' என்று இருந்தது. அதே போனில் அவனை எப்படிப் பதிந்து வைத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். 'ஆண்ட்ரூ'. அவ்வளவுதான்.

காலையில் கேட்டான். அவள் மறைக்கவில்லை. ஆம்ப்ரோஸ் சாகிறதுக்கு முந்தைய வருஷம், கம்பெனி சிம் ஒன்று கெட்டுப்போக, அவசரத்துக்குத் தன் பழைய சிம்மைப் போட்டாராம். போட்டவர் கூடவே ஒரு செட்டிங்கும் வைத்தாராம். மழை வந்து பம்ப் ஓடினால், மணிக்கு ஒரு தரம் பெட்டியே வீட்டுக்கு ஒரு ரிங் விடும். அவர் போனார். செட்டிங் இருக்கிறது. அந்த நம்பர் செத்துப்போகாமல் மாதாமாதம் இவள் ரீசார்ஜ் செய்கிறாள்.

"போய்ச் சேர்ந்தவன் நம்பருக்கு நீ காசு கட்டிக்கினு கீற," என்றான் ஆண்ட்ரூ.

"ஒரு ரிங்தானே," என்றாள் லூயிசா. "அது வந்தா தூக்கம் வருது. நீங்க டியூட்டிக்குப் போற ராத்திரியும் அதுதான் வருது. ரூம் நல்லா இருக்குன்னா நீங்களும் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுப்பேன்." கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க ஒரு நாளும் குடுத்ததில்லையே."

அவள் கேட்டது அந்தக் கடைசி வாக்கியம்தான். அவன் காதில் அது விழவே இல்லை. முதல் பாதியையே மென்றுகொண்டு ஒரு மாதம் திரிந்தான்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். புயல் சின்னம், விடாத மழை. டியூட்டி ஆண்ட்ரூவுக்கு. ஸ்டாண்ட்பை ஆளே இல்லை. சக்திவேல் தங்கை கல்யாணத்துக்குத் தென்காசி போயிருந்தான். கிளம்பும்போது கண்ட்ரோல் ரூமிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி என்ற பெண், ஜாக்கிரதையாக இருங்கள் அண்ணா, உங்களுக்குப் பின்னால் யாருமில்லை என்று நினைவுபடுத்தினாள். அவனுக்கு அது சௌகரியமாகத்தான் பட்டது.

பைக்கை ரூம் வாசல் சன்ஷேடுக்குக் கீழே நிறுத்தினான். சாவியை ஜேபியில் போட்டான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பம்ப் ஓடுகிற அதிர்வு காலில் ஏறியது. அலமாரியைத் திறந்தான். மெயின் பெட்டியில் பச்சை விளக்கு. ஸ்டாண்ட்பையில் ஆரஞ்சு விளக்கு. எப்போதும் போல.

லேப்டாப்பைச் செருகினான். மனைவியின் பெயரையும் அந்தத் தேதியையும் தட்டினான். ரிங் விடும் செட்டிங்கைத் தேடி அழித்தான். அது போதும்தான். ஆனால் மனசு ஆறவில்லை. குறடால் இரண்டாவது சிம்மை, ஆம்ப்ரோஸ் போட்ட சிம்மை, இழுத்து எடுத்தான். சின்னத் துண்டு, விரல் நகம் அளவு. சூடாக இருந்தது. வளைத்தான். 'டிக்' என்று உடைந்தது. இரண்டு துண்டையும் பம்ப் குழியில் போட்டான்.

இனி ரிங் போகாது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்த இடத்தில் தானே ஒரு ரிங் கொடுத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கொடுக்கவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. அவள் விழித்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். ரிங் வராமல் பதற வேண்டும். அவளே கூப்பிட்டு, 'ஆண்ட்ரூ, நல்லா இருக்கீங்களா' என்று கேட்க வேண்டும். அந்தப் பதற்றம் ஒரு ராத்திரியாவது தனக்கென்று இருக்க வேண்டும். போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ரிங் போக வேண்டிய நேரம் வந்தது. நேரம் கடந்தும் போயிற்று. அவன் போன் ஒளிரவில்லை.

மழைச் சத்தம்... பம்ப் சத்தம்...

அலமாரிக்குள் ஏதோ சுண்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். திரும்பினான். ஸ்டாண்ட்பை பெட்டியில் ஆரஞ்சு இல்லை. பச்சை.

மெயின் விழுந்துவிட்டதா என்று பார்த்தான். மெயினும் பச்சை.

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான். இணைப்பு அறுவதற்குக்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள். மெயின் உயிரோடு இருக்கும்போதே, அதன் குரல் மட்டும் ஸ்டாண்ட்பைக்குக் கேட்காமல் போனால், செத்துவிட்டது என்று நினைத்து அதுவும் எழுந்து உட்காரும். ஒரே விலாசத்தில் இரண்டு பேர். இருவரும் நான்தான் என்பார்கள். யாரோடு பேசுகிறோம் என்று அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டான். ஸ்ரீலக்ஷ்மி திரையைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அண்ணா, ஒரு அலாரமும் இல்லை என்றாள்.

போனை வைத்தான். அப்போதுதான் வாசனை வந்தது.

யூகலிப்டஸ்.

டீசல் வாடையை மீறி, ஈரச் சிமெண்ட் வாடையை மீறி... புதிதாகத் தேய்த்த தைலம். முதலில் அலமாரிப் பக்கம். பிறகு முதுகுக்குப் பின்னால். பிறகு கதவுப் பக்கம். யாரோ அவசரமில்லாமல் நடந்து போவது போல. கதவு திறக்கவில்லை. வாசனை மட்டும் தேய்ந்து போயிற்று.

வெளியே பைக் கிளம்பும் சத்தம். உதைக்க உதைக்க எடுக்காமல் மூன்றாவது உதைக்கு எடுக்கும் பைக், அவன் பைக். சாலையில் ஏறிப் போகிறது. பள்ளத்தில் இறங்கும்போது 'டங்'...

ஜேபியைத் தொட்டான். சாவி இருந்தது.

கதவைத் திறந்தான். சன்ஷேடுக்குக் கீழே ஒரு பைக் நீளத்துக்குத் தரை காய்ந்து கிடந்தது. சுற்றிலும் மழை.

திருடன் என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ரூமை விட்டுப் போகவும் முடியாது. பம்ப் நின்றால் தெரு முழுகும். வீட்டுக்குப் போட்டான். அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை. கால் மணி கழித்து மறுபடி போட்டான். மறுபடி. இந்தத் தடவை லூயிசா எடுத்தாள். பேரைப் பார்க்காமலே எடுத்திருப்பாள் போல.

"யாரு?"

"நான்தான்."

"யாருங்க?"

"லூயிசா, நான் ஆண்ட்ரூ. பைக்க எவனோ எடுத்துக்கினு பூட்டான்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வழி தவறி வந்த ராங் நம்பருக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "அவரு வந்துட்டாருங்களே. ரிங் வரலன்னு உயிரக் கையில புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன், அப்பதான் பைக் சத்தம் கேட்டது. நனைஞ்சு வந்து, தல தொவட்டிக்கினு இருக்காரு. நீங்க யாருங்க?"

அவள் குரலுக்குப் பின்னால் தன் வீட்டு ஃபேன் சத்தம் ஆண்ட்ரூவுக்குக் கேட்டது. பிளேடு வளைந்த ஃபேன். 'கடக்'... 'கடக்'... அதற்கும் பின்னால் ஒருவர் கேட்டார்:

"இந்நேரத்துல யாரு, லூயிம்மா?"

லூயிம்மா என்று ஆண்ட்ரூ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்தக் குரல் அவனுடைய குரல்.

லைன் கட்டாயிற்று. அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டாலும் ஒரே ரிங்தான் போயிற்று. ஒரு ரிங்... தானாகக் கட். ஒரு ரிங்... கட்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், விடியும் முன் கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன் வந்தது. ஸ்ரீலக்ஷ்மி எடுத்தாள். ஆண்ட்ரூ அண்ணன் குரல். சிம்மை உடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி, அழுது, எப்படியாவது ஒரு ஆளை அனுப்பும்மா, நான் இங்கேதான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். அவள் உடனே ஜீப்பை அனுப்பினாள். ரகுபதி என்ற சூப்பர்வைசர் போனார். ரூம் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்துத் திறந்தார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மெயின் பச்சை, ஸ்டாண்ட்பை ஆரஞ்சு. ஸ்டூல் ஒன்று அலமாரிக்கு முன்னால் கிடந்தது. ஆள் இல்லை.

ஆற்றில் விழுந்துவிட்டானோ என்று பதறி எல்லோரும் ஆபீஸுக்கு வந்தால்... ஆண்ட்ரூ உட்கார்ந்திருக்கிறான். முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, டீ குடித்துக்கொண்டு. ராத்திரியே ஜுரம் வந்து கிளம்பிவிட்டேன், தப்புத்தான், யாருக்கும் போன் செய்யவில்லையே என்றான். வாசலில் அவன் பைக். மன்னிப்புக் கேட்டான். வேலைக்குப் புதுசாக வந்தவன் போல மரியாதையாகப் பேசினான். அதற்கு மேல் யார் என்ன கேட்பது? ஸ்ரீலக்ஷ்மி மட்டும் பத்து நாளில் வேலையை விட்டுவிட்டாள்.

அந்தப் பெட்டியிலிருந்து லூயிசாவுக்கு அப்புறம் ரிங் வரவில்லை. 'அவர்' என்ற பெயரை அவளே போனிலிருந்து எடுத்துவிட்டாள். அண்ணனும் அண்ணியும் இவ்வளவு சந்தோஷமாக இருந்து தான் பார்த்ததில்லை என்று ஜூலியட்டே சொல்லியிருக்கிறாள். டியூட்டியிலிருந்து ஒரு ரிங் கொடுக்காத ராத்திரியே இல்லையாம். அண்ணிக்குத் தலைவலி என்றால் தானே தைலம் தேய்த்துவிடுகிறாராம்.

போன வாரம், இதே மாதிரி மழை. ஜூலியட் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். வஞ்சிர மீன் குழம்பு. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி. ஆண்ட்ரூவின் போன் அவன் தட்டுக்குப் பக்கத்திலேயே, சார்ஜில், இருட்டாகக் கிடந்தது.

லூயிசாவின் போன் ஒளிர்ந்தது. ஒரு ரிங். கட்.

ஜூலியட் எட்டிப் பார்த்தாள். திரையில் 'ஆண்ட்ரூ' என்று இருந்தது.

அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். லூயிசாவும் பார்த்தாள். அவன் தலை தூக்கவில்லை. மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அடுத்த முள்ளையும் எடுத்து வைத்தான். ஜன்னலுக்கு வெளியே, மழைக்குள் எங்கிருந்தோ, லூயிசாவின் போனுக்கு மறுபடியும்... ஒரு ரிங். கட்.

"எடுக்காத லூயிம்மா," என்றான், மெதுவாக. "ஸ்டாண்ட்பைதான்."